ரெண்டு கண் கெமரா

"அந்த மரம் அப்படியே முன்னுக்கு வந்து நிக்குது!" என்றார் உம்மா, பார்வைப்பெட்டிக்குள் கண்களை வைத்தபடி.

பச்சைப் பொய். அது ஷஹ்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

வாப்பாவின் கண்ணாடி அலுமாரியில் பதினொரு பழைய கெமராக்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு லென்ஸ். நம் இரண்டு கண்களும் பார்ப்பதுபோல ஒரே காட்சியை இரண்டு படமாக எடுக்கும். அந்தச் சோடிப் படத்தைப் பார்வைப்பெட்டியில் செருகி, இரு துளைகளிலும் இரு கண்களை வைத்துப் பார்த்தால், தட்டைப் படம் எழும்பி நிற்கும். மரம் முன்னால், ஹந்தானை மலை பின்னால்.

ஆனால் இரண்டு கண்ணும் தெரிய வேண்டும்.

உம்மாவின் இடக் கண் மங்கி எட்டு மாதம். கண்டி கிளினிக்குக்கு வாப்பாவுக்குத் தெரியாமல் கூட்டிப்போனதே ஷஹ்மாதான். வலக் கண்ணுக்குப் பயமில்லை, இடக் கண் இனித் திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

கெலிஓயா பஸ்ஸில் வரும்போது உம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வாப்பாட்ட செல்லிப் போடாத புள்ள. தெரிஞ்சா மனிசன் கெமராவத் தொடவே மாட்டார். கடைய மூடின பொறவு அவருக்கு ஈக்கிற ஒரே சந்தோசம் அதுதான்."

ஷஹ்மா அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஒரு சின்னப் பொய்யைக்கூடக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாதவள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பா பெட்டியை எடுத்தால், அவள் ஏதாவது சாட்டுச் சொல்லிக் குசினிக்குள் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

இன்று போக முடியவில்லை. மடவளையிலிருந்து அரூஸ் சாச்சா வந்திருந்தார். அவருக்கும் இதே பைத்தியம். தன்னிடமிருந்த ஒரே கெமராவைக் கொடுத்துவிட்டு வாப்பாவினது ஒன்றை மாற்றி எடுக்க வந்திருந்தார். அந்தக் கெமராவில் எடுத்த படம்தான் பெட்டியில் இருந்தது.

உம்மா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி, பாதி சோசரில் கிடந்தது. சாச்சா அதையும் சேர்த்துக் குடித்தார்.

"றவூப் நானா, உங்கட கெமராவ நீங்க புகழுறது கணக்குல இல்ல. ராத்தா சரியெண்டா சரி," என்று வாப்பாவிடம் சொல்லி உம்மாவின் பக்கம் திரும்பினார்.

"பஸீஹாட கண்தானே இந்த ஊட்டு நீதவான்!" என்று வாப்பா உம்மாவைக் காட்டிச் சிரித்தார்.

"நல்லாத் தெரியுது தம்பி," என்றார் உம்மா. "முந்தியெல்லாம் இதப் பாத்தா தலையிடிக்கும். இப்ப அதுவும் இல்ல."

"அப்ப முடிவுதான். மாத்திக்கொள்ளுவோம்."

ஷஹ்மா சாச்சாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் உம்மா அகப்படுவார். திறக்காவிட்டால், பார்க்காமலே ஒரு மனிதர் தன் ஒரே கெமராவைக் கொடுத்துவிட்டுப் போவார்.

"சாச்சா... நீங்களும் ஒருக்காப் பாருங்களேன்."

உம்மா திரும்பி முறைத்தார். "ஏன், என்ட பேச்சுல நம்பிக்கை இல்லையா ஒனக்கு?"

"கெம்பஸ் போன புள்ளதானே ராத்தா, எல்லாத்துக்கும் அத்தாட்சி கேக்கும்," என்று சாச்சா சிரித்தார். "தாங்க நானா, பாப்போம்."

வாப்பா பெட்டியை வாங்கி ஜன்னல் பக்கம் திரும்பினார். இடத் துளைக்குள் நகத்தை விட்டு எதையோ நெம்பி எடுத்து, சட்டைப் பையில் போட்டார். பிறகுதான் நீட்டினார்.

"மாஷா அல்லாஹ்! மரத்தக் கையால தொடலாம் போல ஈக்கே!"

சாச்சா ஏமாறவில்லை. ஆனால் ஷஹ்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உம்மா பார்க்கும்போது இருந்தது, சாச்சா பார்க்கும்போது ஏன் இருக்கக் கூடாது? வாப்பா உம்மாவை வைத்து விளையாடுகிறாரா?

சாச்சா மாற்றி எடுத்த கெமராவோடு போனார். உம்மா அஸர் தொழ அறைக்குள் போனார்.

"வாப்பா, பையில என்ன?"

வாப்பா அறைக் கதவைப் பார்த்தார். பிறகு வெளியே எடுத்தார். வட்டமாக வெட்டிய கறுப்புக் கடதாசி மட்டை. பின்பக்கம் பாதி அறுந்த பொன்னெழுத்து ஒன்று.

"இத வச்சா இடப்பக்கம் இருட்டாத்தானே ஈக்கும்? ஏன் உம்மாவ இப்படி..."

"மெதுவாப் பேசு. மங்கின கண்ணும் நல்ல கண்ணும் சேந்து பாத்தா படம் கலங்கும், தலையிடிக்கும். இது ஈந்தா வலக் கண்ணால நிம்மதியாப் பாப்பா."

ஷஹ்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"கோப்பைக்கு வெளிய தேத்தண்ணி ஊத்துற பொஞ்சாதிட கண்ணுல என்னமோ ஈக்குது எண்டு தெரியாத மனிசனா நான்?"

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கல்ல?"

"கேட்டா அவ பெட்டியக் கையிலயும் எடுக்க மாட்டா. வெள்ளிக்கெழம வந்து பக்கத்துல ஒக்காருறதும் நிண்டுரும். அவ செல்லுறதக் கேக்கத்தான் புள்ள நான் படமே எடுக்கிற." வாப்பா மட்டையை அதன் இடத்தில் பதமாகச் செருகினார். "உம்மாட்ட செல்லிப் போடாத."

அதே வார்த்தை. இப்போது அவளிடம் இரண்டு இரகசியம். யாரிடம் எதைச் சொல்லாமல் இருப்பது என்றே குழம்பிப்போய் அவள் குசினியில் நின்றாள்.

தொழுதுவிட்டு வந்த உம்மா அவள் முகத்தைப் பார்த்தார்.

"வாப்பா கடதாசியக் காட்டினாரா?"

ஷஹ்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உம்மா! உங்களுக்கு..."

"பையில போட்டாரே, கசங்கல்லையே? திரும்ப ஒழுங்கா வச்சாரா?"

"வச்சார்... ஆனா நீங்க..."

"மெதுவா." உம்மா வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவர் வச்ச கடதாசி போன மாசம் நான் பெட்டி தொடைக்கக்குள்ள கிழிஞ்சி போச்சு. இது என்ட அபாயா உடுப்புப் பெட்டி மூடியில நான் வெட்டி வச்சது. வாப்பாட்ட செல்லிப் போடாத."