தெப்பத்துக்குப் புதுப் பம்பு

காஞ்சிபுரத்தில் அன்று மாலை எங்கள் சாமி தெப்பம் ஏற வேண்டும். தெப்பப் படகுக்குள்ளோ முழங்கால் தண்ணீர்; பழைய கைப்பம்பு உடைந்திருந்தது.

கடையில் இரண்டு வகை இருந்தன. பிஸ்டன் பம்பில் பூவும் சருகும் சிக்கிக்கொள்ளும். ரப்பர் சவ்வு வைத்தது நெஞ்சுபோல விரிந்து சுருங்கி, எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும்! அதையே வாங்கி வந்து மாட்டினேன்.

"அடிபா, மயில்வாகனம்!"

படகோட்டி மயில்வாகனம் அடித்தான். தண்ணீர் குபுகுபுவெனக் கொட்டியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"யானை மாரி உறியுதுண்ணா!" என்றவன் உதட்டில் தெறித்ததைத் துப்பினான். "இன்னாண்ணா, கடல் தண்ணி மாரி கரிக்குது?"

குளத்தங்கரையிலேயே செய்த படகு அது; இந்தக் குளத்தைத் தாண்டியதே இல்லை.

படகு எழுந்தது. மேளம் தொடங்கியது. தண்ணீர் வற்றி உள்ளே வெளிப்பட்ட அடிப்பலகையெங்கும் கடற்சிப்பிகள் ஒட்டியிருந்தன. அவை மெதுவாக வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தன.