கரிப் பொட்டு

விண்மீன் மேகங்களில் மிதப்பது கரிதான், புற ஊதா ஒளி பட்டால் அது அகச்சிவப்பாக உமிழும் என்று நிரூபிக்க அங்கயற்கண்ணிக்கு இன்று ஒரு நாள்தான் இருந்தது. போன முறை அவள் இனிப்பு கொடுத்துக் கொண்டாடிய சமிக்ஞை, கருவிக்குப் பக்கத்தில் நின்ற உதவியாளர் சொக்கநாதனின் உடம்புச் சூடு உமிழ்ந்த அகச்சிவப்புதான் என்று தெரிந்ததும் ஆய்வுக்குழு விழுந்து விழுந்து சிரித்தது.

“எல்லாரும் வெளிய போங்க. சார், நீங்களும்தான்” என்று குழுத் தலைவரையே கிளப்பிவிட்டுத் தானும் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே உறைகுளிர்ப் பெட்டிக்குள், அகல்விளக்கில் வழித்த ஒரு சிட்டிகைக் கரி மட்டும் இருந்தது. வெளியே நின்றபடியே புற ஊதா விளக்கைப் போட்டாள். வெளியே இருந்த திரையில் கரி உமிழ்ந்த அகச்சிவப்பின் நிறமாலைக் கோடுகள் எழுந்தன. தொலைநோக்கி பிடித்திருந்த மேகத்தின் கோடுகள்மேல் மயிரிழை பிசகாமல் அமர்ந்தன. அணைத்தாள், படுத்தன. போட்டாள், எழுந்தன.

“இந்தத் தடவ உள்ள யாரும்மா நிக்கிறது?” என்றார் தலைவர். குரலில் கேலி இல்லை.

“கரி நிக்குது சார்.”

சொக்கநாதன் மிச்சக் கரியை விரலில் தொட்டுக்கொண்டு ஓடிவந்தார். “கண்ணு பட்டுரும் மேடம்!”

அவள் சுவரில் ஒளிர்ந்த மேகத்தின் படத்தைப் பார்த்தாள்.

“அதுக்கு எப்பவோ வச்சாச்சு” என்று கன்னத்தை நீட்டினாள். “எனக்கும் வைங்க.”