பத்தரை நொடி

“பத்தரையா? ஆர்லன், உனக்கென்ன மூளை கலங்கிப்போச்சா?”

வெர்னா காப்பியைத் தன் கார் கூரைமேல் வைத்துவிட்டு, கணவனின் பச்சை நோவா காரை முறைத்தாள். பக்கவாட்டுக் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் பெரிதாக 10.50 என்று எழுதியிருந்தான். கால் மைலை இத்தனை நொடியில் கடப்பேன் என்று ரேஸில் ஓடுகிற ஒவ்வொருவரும் வரிசையில் நிற்கும்போதே எழுதிக் காட்டியாக வேண்டும்.

“போன வருஷம் பதினஞ்சு நொடி எடுத்த வண்டி இது!”

“அது போன வருஷம். குளிர்காலம் பூரா, கோடை பூரா ஷெட்டுல நான் என்ன கோலியா ஆடினேன்?”

வண்டி மாறித்தான் போயிருந்தது. பின்னால் அகல டயர்கள். பானட்டின் மேல், காற்றை விழுங்க வாயைப் பிளந்துகொண்டு ஒரு கறுப்புத் தகரக் கூடு. காலையில் சைலன்சர் இல்லாமல் அது உறுமிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, பக்கத்துச் சோளக்கொல்லையிலிருந்து காக்கைகள் எழுந்து பறந்தன.

“ஏப்ரல் புயல்ல நம்ம தபால் பெட்டி பறந்து போச்சு. புதுசா ஒண்ணு வையின்னு எத்தனை தடவை சொன்னேன்? அதுக்கு உனக்கு நேரமில்ல. இதுக்கு மட்டும் நேரம்! சரி, பானட்டைத் திற. எஞ்சினைப் பாக்கணும்.”

“ரேஸ் முடியட்டும்.” பானட்டில் பூட்டு வேறு தொங்கியது.

வெர்னாவுக்கு அழுகை முட்டியது. அந்தச் சின்ன அயோவா ரேஸ் மைதானத்தில் பதினெட்டு வருடமாக அவளுடைய சிவப்புக் கமாரோவை மிஞ்சிய வண்டி கிடையாது. பன்னிரண்டரை நொடி. கண் மங்கிக்கொண்டு வருகிறது, இந்த சீசனோடு போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று சீசனின் கடைசி ஞாயிறு. யாரும் யாரையும் போட்டிக்கு அழைக்கலாம். அவளை அழைத்தது, கட்டின புருஷன்.

“இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தா நானே ஒதுங்கியிருப்பேன். அதுக்குள்ள என் பேரைப் பிடுங்கணுமா உனக்கு?”

ஆர்லன் அவளுடைய ஹெல்மெட்டை எடுத்து நீட்டினான். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

“வெர்னா, இன்னைக்கு உனக்குத்தான் பச்சை முதல்ல!” வண்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த டெல்பர்ட் கத்தினான். “பழக்கமில்லாம தூங்கிடாதே!”

அங்கே அதுதான் முறை. கண்ணாடியில் எழுதிய நொடிக் கணக்குப்படி மெதுவான வண்டிக்குப் பச்சை விளக்கு முதலில் எரியும். வேகமான வண்டி காத்திருந்து துரத்த வேண்டும். பதினெட்டு வருடமும் காத்திருந்தவள் வெர்னாதான். அவளுக்கு முன்னால் எப்போதும் யாருடைய பின்பக்கமோ, யாருடைய புகையோ இருக்கும். முதலில் கிளம்புகிற ஆர்லன் திரும்பி வந்து கதை கதையாகச் சொல்வான். “முன்னாடி ஒண்ணுமே இல்ல வெர்னா. ரோடு, அப்புறம் வானம். கனவுக்குள்ள போற மாதிரி இருக்கு.” கேட்கவே வயிற்றெரிச்சலாக இருக்கிறது என்று அவள் சிரிப்பாள்.

இன்று சிரிப்பு வரவில்லை. மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து இறங்கின. பச்சை. அவள் பக்கம் மட்டும்.

மிதித்தாள்.

முன்னால் யாரும் இல்லை. கோபம் முதல் நூறு அடியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. இரண்டு பக்கமும் காய்ந்த சோளம் பொன்னாக ஓடியது. நடுவே சாலை நேராக வானத்துக்குள் போயிற்று. தன் எஞ்சின் சத்தமே யாரோ தூரத்தில் பேசுவதுபோல் கேட்டது. இதோ நோவா வந்துவிடும், இதோ முந்திவிடும் என்று நினைத்தாள். வரவில்லை. பிறகு நினைப்பதையே மறந்துபோனாள். பன்னிரண்டரை நொடி அவ்வளவு நீளமென்று அவளுக்கு அதுவரை தெரியாது.

எல்லை தாண்டி, திரும்பும் பாதையில் நேரச் சீட்டை வாங்கியதும் வண்டியை ஓரங்கட்டி நின்றாள். நோவா பின்னாலேயே வந்து நின்றது. ஆர்லன் இறங்கி ஓடி வந்தான். தோற்றவன் முகமாகவே இல்லை அது.

“ரோடு காலியா இருந்துச்சா?”

வெர்னா சீட்டைக் கண்ணருகே பிடித்துப் படித்தாள். அவளுக்கு 12.52. அவனுக்கு 15.03.

ஆர்லன் பூட்டின் சாவியை நீட்டினான். அவள் பானட்டைத் தூக்கினாள். உள்ளே அதே பழைய எஞ்சின், போன வருடத்து எண்ணெய்க் கறைகூடத் துடைக்கப்படாமல் உட்கார்ந்திருந்தது. பானட்டின் மேலிருந்த கறுப்புக் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். ஏப்ரல் புயலில் பறந்துபோன தபால் பெட்டிதான் அது; அவர்கள் வீட்டு எண்கூட அழியாமல் இருந்தது.