மீட்டரில் கூடிய கால் மணி

"என் படகை யாரோ ஓட்டுறாங்க, மேனேஜர்."

பல் டாக்டர் போனை மேஜைமேல் வைத்தார். இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மீட்டரைப் படம் பிடித்து வைத்திருந்தார்.

"போன ஞாயிறு நான் இறங்கினப்போ எண்பத்தாறு மணி. இன்னைக்கு வந்து பார்த்தா எண்பத்தாறே கால். அதுக்கு முந்தின வாரமும் இதே கதைதான். சீட்டுல ஈரம் வேற."

கூட வந்திருந்த மாமனார் "அதானே" என்றார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மாப்பிள்ளை படகு வாங்கி மூன்று மாதம் கழித்து, இன்றைக்குத்தான் பார்க்க வந்திருக்கிறார். வந்த இடத்தில் இப்படி.

கரையேற்றிய படகுகளை நிறுத்தி வைக்கும் ஷெட் அது. மேனேஜர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். ஐம்பது வயதுக்காரர், பதினெட்டு வருஷமாக அங்கேதான் வேலை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"டாக்டரோட படகுச் சாவியை எடுத்தீங்களா?"

"எடுத்தேன் சார்."

"எதுக்கு?"

மெக்கானிக் டாக்டரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மாமனாரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"சும்மாதான் சார். இன்ஜினைப் போட்டேன்."

"சும்மாவா?" மாமனார் முந்திக்கொண்டார். "எங்க மாப்பிள்ளையை என்னன்னு நினைச்சீங்க? படகுல அவருக்குத் தெரியாத சங்கதியே கிடையாது. அவர்கிட்டயே உங்க கைவரிசையா?"

டாக்டருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அந்த வேகத்தில் குரல் ஒரு படி ஏறியது.

"அடுத்தவன் படகுல ஊர் சுத்துறதுக்குப் பேரு திருட்டு. தெரியுமா உனக்கு?"

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

சொந்தக்காரரைக் கேட்காமல் சாவியைத் தொட்டால் வேலை போகும் என்பது அங்கே சட்டம். மேனேஜராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மத்தியானத்துக்குள் மெக்கானிக் தன் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்.

"இப்படிக் கறாரா இருந்தாத்தான் சரிப்படும், மாப்பிள்ளை" என்றார் மாமனார், காரில்.

அதன்பிறகு மீட்டர் விட்ட இடத்திலேயே நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் அதைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டிக்கொண்டார் டாக்டர்.

ஐந்தாவது மாதம், மனைவி மக்களோடு போனபோது, நடுக்கடலில் இன்ஜின் கொதித்துப் புகைந்து நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் அலையில் ஆடிக் கிடந்த பிறகு, யாரோ புண்ணியவான் கயிறு கட்டி இழுத்துவந்து சேர்த்தார்.

புதிதாக வேலைக்கு வந்திருந்த மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"உள்ள பூரா உப்பு அடைச்சிருக்கு டாக்டர். கடல் தண்ணியையே இழுத்துச் சூட்டைத் தணிச்சுக்கிற இன்ஜின் இது. கரைக்கு வந்ததும், பின்னால விசிறியோட தொங்குதே அவுட்டிரைவ், அது தண்ணி இழுக்கிற வாய்ல ஹோஸை மாட்டி, நல்ல தண்ணியைத் திறந்துவிட்டு இன்ஜினை ஓட விடணும். ஒவ்வொரு தடவையும். செஞ்சீங்களா?"

"செஞ்சேனே."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. ராத்திரி பல் தேய்க்கிறீங்களா என்று கேட்டால் அவருடைய பேஷண்டுகள் இதே குரலில்தான் பதில் சொல்வார்கள்.

"ஆரம்பத்துல செஞ்சிருக்கீங்க, அது தெரியுது. இதெல்லாம் இந்த நாலஞ்சு மாசத்துல படிஞ்ச உப்பு."

"எவ்வளவு நேரம் ஓடணும்?"

"கால் மணி நேரம் போதும் டாக்டர்."

டாக்டர் அப்படியே படகு ஏணியில் உட்கார்ந்துவிட்டார்.

படகை வாங்கிய அன்றைக்கு அந்தப் பழைய மெக்கானிக் வந்து நின்றது ஞாபகம் வந்தது. "ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க டாக்டர், ஓட்டிட்டு வந்ததும் என்னென்ன பார்க்கணும்னு சொல்லிடுறேன்." இவர் கையசைத்துவிட்டார். "புஸ்தகம் குடுத்திருக்காங்க, பார்த்துக்கிறேன்." அந்தப் புத்தகம் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கிறது.

விசாரித்து விசாரித்து, மூன்றாவது ஞாயிறன்று கண்டுபிடித்தார். ஒரு சந்துக்குள் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை. பழைய மெக்கானிக் தரையில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். டாக்டரைக் கண்டதும் எழுந்து, முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

டாக்டர் உட்காரவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன். நான் மேனேஜர்கிட்ட பேசுறேன், நீங்க திரும்ப வந்துடுங்க."

"அங்கதான் வேற ஆள் வந்தாச்சே டாக்டர். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்." கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "இன்ஜின் தேறுமா?"

"தேறும்னுதான் சொல்றாங்க."

"நல்ல இன்ஜின். உப்பு தின்னுடுமேன்னுதான் மனசு கேக்காம போட்டேன்."

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்தார். "அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. பதினெட்டு வருஷ வேலையை விட்டுட்டுப் போற அளவுக்கு அப்படி என்ன பிடிவாதம்?"

"பிடிவாதமெல்லாம் இல்ல." மெக்கானிக் மறுபடி காயிலைக் கையில் எடுத்துக்கொண்டார். "கூட உங்க மாமனார் நின்னார். உங்களுக்குத் தெரியாததே இல்லைன்னு அவ்வளவு பெருமையா வேற சொன்னார். அவர் முன்னாடி உங்களை எப்படி டாக்டர் விட்டுக்கொடுக்கிறது?"