யார் கன்னத்துக்கு?

காலையில் ஆவடிக் கடையைத் திறந்ததும் வந்த அனுசுயா, ஏழாவது ஷேவிங் பிரஷையும் கன்னத்தில் தடவிப் பார்த்தாள். போணி ஆகாத வியாபாரிக்குப் பொறுமை அதிகம். ஐந்து நாள் தாடியைச் சொறிந்தபடி கடைக்காரர் ஜெகதீசன் சொன்னார்:

"பன்னி முடிம்மா. மொதல்ல குத்தும், நனைய நனைய பூவாயிடும். ஊட்டுக்காரருக்கா?"

"கல்யாணம் ஆவலண்ணே."

"நைனாவுக்கா?"

"அவரு தாடி வெச்சிகினு கீறாரு."

"அப்ப யாருக்கும்மா?"

"யார் வர்றாங்களோ, அவங்களுக்கு."

ஜெகதீசனுக்கு வேர்த்தது. "போணி நேரம். பேரம் பேசாம எடுத்துகினு போம்மா."

கேட்ட விலையைக் கொடுத்தவள், எதிர்க் கடை ஷட்டரைத் தூக்கினாள். உள்ளே புது சலூன் நாற்காலி.

"வாங்கண்ணே, தாடியை எடுத்துடலாம். இங்கியும் போணி நேரம்தான். பேரம் கெடையாது."