அக்கரைப் பிளிறல்

தன் குட்டியை இழந்திருந்த அக்கா யானை, வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட ஒரு குட்டியைக் கரையேற்றி, பால் கொடுத்து வளர்த்தாள்.

ஓராண்டு கழித்து, ஆற்றின் அக்கரையிலிருந்து பிள்ளையைத் தேடும் ஒரு தாயின் பிளிறல் கேட்டது.

“பதில் கொடுக்காதே அக்கா. இவனுக்கு அவளை நினைவே இல்லை,” என்றாள் தங்கை யானை.

“அவளுக்கு இவனை நினைவிருக்கிறதே,” என்ற அக்கா, தும்பிக்கையை உயர்த்திப் பதிலுக்குப் பிளிறினாள்.

பெற்றவள் நீந்தி வந்தாள். குட்டி பயந்துபோய் அக்காவின் கால்களுக்கிடையில் ஒளிந்துகொண்டான். பெற்றவள் அவனை இழுக்கவில்லை. வெகுநேரம் முகர்ந்து பார்த்தாள்.

“பசியறியாமல் வளர்ந்திருக்கிறான்,” என்றாள்.

இரண்டு தாய்களும் அவன் முதுகில் தும்பிக்கையை வைத்தபடி, அவன் எந்தப் பக்கம் அடியெடுத்து வைப்பான் என்று அசையாமல் காத்து நின்றார்கள்.