எட்டு நாள் தண்ணீர்

வெள்ளிக்கிழமை. ஆம்பிளைகள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம். குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டே குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்த ஸக்கியாவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு கைறுன்னிஸா மாமி வேலியைத் தாண்டி வந்து, முற்றத்தில் நின்ற படகுக்குள் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்!

ஒன்றல்ல, நாலு குடம். ஊற்றிவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஸக்கியா ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். ஊற்றின தண்ணீர் பலகை இடுக்கெல்லாம் வழிந்து கீழே கொட்டிக்கொண்டிருந்தது. 

மலைப்பக்கத்து அலுவிகாரையில் ஏது கடல், எதுக்குப் படகு என்று ஊரே சிரித்த படகு அது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனபோது கொக்கோ ஸ்டோருக்குள் விட்டுப்போன பழைய பாய்ப்படகு. ஆறு வருஷம் கேட்பாரில்லாமல் கிடந்ததை, லொறிக்கு மரத்தால் பொடி, அதாவது கூடு, அடிக்கிற அவள் புருஷன் ஸமத் வீட்டுக்குக் கொண்டுவந்து எட்டு மாதம் பாடுபட்டார். உக்கின பலகையை மாற்றினார். செப்பு ஆணி அடித்தார். படுக்க இரண்டு பலகை, மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு பெட்டி, லாந்தர் மாட்ட ஒரு கொளுக்கி.

பாய் மட்டும் ஸக்கியாவின் வேலை. மாச் சாக்குச் சீலையை ரெட்டையாக மடித்து மெஷினில் ஓட்டித் தள்ளினாள். திருகோணமலையில் இறக்கி, கரையோரமாகவே மட்டக்களப்பு வரைக்கும் மூன்று பேருமாகப் போய் வருவதாகத் திட்டம்.

மாமனார் கலந்தருக்குத்தான் பொறுக்கவில்லை.

"வாற கிழமை ஞாயிறு கண்டலமக் குளத்துல இறக்கிப் பாப்போம். உள்ளுக்கு ஒரு கோப்பை தண்ணி வந்தாலும், அங்கேயே வெறகாக் கொத்தணும். சரியா?"

"சரி வாப்பா."

"கோடாலி நானே கொண்டாறேன்."

கைறுன்னிஸா மாமிக்கு வேறு கோபம். திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாவிலிருந்து கலியாணம் கட்டி வந்து இருபது வருஷமாகிறது அவளுக்கு. படகு வந்த புதிதில் வேலியோரம் நின்று, "மகன், இந்தப் படகு..." என்று வாயெடுத்தாள்.

"மாமி, பன்னெண்டு வருஷமா மரத்தோட மாரடிக்கிறேன். நீங்க போய் அடுப்புல ஆணம் தீயுதான்னு பாருங்க" என்று ஸமத் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றைக்கு மூடின வாய்தான்.

அதுக்காக இப்படியா பழி தீர்க்கிறது!

சொன்னால் ஸமத் வேலியைப் பிய்த்துக்கொண்டு போவார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. அதுவும் மாமியின் வீட்டு வளவில். ஸக்கியா பல்லைக் கடித்துக்கொண்டாள். இரவு சோறு போடும்போது மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, படகுக்கு அடி நல்லா இறுகியிருக்குங்களா?"

"லொறிப் பொடி மாதிரி!"

"லொறி தண்ணியில ஓடுறதில்லீங்களே?"

"நீ பாயை மட்டும் பாரு."

மாமி விடவில்லை. நாள் தவறாமல் நடுப்பகல் ளுஹர் பாங்கு சொன்னதும் குடத்தோடு வந்தாள். அடியை மூடித் தட்டுப் பலகை போட்டாயிற்று. வேலை விட்டு வந்தால் ஸமத் பாய்மரம் சீவுவதிலேயே கிடந்தார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் சனிக்கிழமை மாமி ஊற்றவில்லை. உள்ளே கிடந்த தண்ணீரை வாளியால் அள்ளி வெளியே கொட்டி, துணியால் துடைத்தும் விட்டாள்.

'மனசு உறுத்திருச்சு போல' என்று ஸக்கியா நினைத்தாள்.

ஞாயிறு காலை படகோடு பாதித் தெருவும் லொறியில் ஏறியது. மாமியும் ஏறினாள். கலந்தர் மடியில் கோடாலி.

குளத்தில் இறக்கினார்கள். ஸமத் உள்ளே ஏறித் தட்டுப் பலகையைத் தூக்கிவைத்தார். எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஸக்கியா ஓதிக்கொண்டே இருந்தாள்.

அரை மணி நேரம் போனது. கலந்தர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறினார். அடியில் கைவிட்டுத் துழாவினார். கையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காஞ்ச கைடா!" என்றார். கோடாலியைத் தூக்கிக் கரையில் எறிந்தார்.

ஸமத் பாயை ஏற்றினார். மாச் சாக்கின் நீல எழுத்தோடு அது புடைத்துக்கொண்டு நிமிர்ந்தது. படகு குளத்தைச் சுற்றி வர, பிள்ளைகள் கரையோரமாகக் கூவிக்கொண்டு ஓடினார்கள்.

படகு கரை தட்டியதும் ஸக்கியாவுக்கு வாய் நிற்கவில்லை.

"பாத்தீங்களா மாமி? எட்டு நாளா குடம் குடமா ஊத்தினீங்களே, ஒரு சொட்டு உள்ள வந்துச்சா?"



"ஊத்தினாங்களா? உள்ளுக்கா?" என்றார் ஸமத்.

"ஆமாங்க. முதல் நாள் எல்லா இடுக்காலயும் ஒழுகிச்சு. உங்ககிட்ட சொல்லப் பயம்..."

ஸமத் குனிந்தார். பலகை இடுக்கில் விரல் நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் இறங்கவில்லை.

"காஞ்ச பீப்பா ஒழுகும், ஊறினா மரம் உப்பி இடுக்கு அடைஞ்சு நிக்கும். மரவேலைக்காரன், எனக்கு இது தோணல்லியே! காஞ்சபடி இறக்கியிருந்தா, வாப்பா கோடாலியை எடுக்க முந்தியே முங்கியிருக்கும்."

எல்லாரும் மாமியைப் பார்த்தார்கள். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"எங்க வாப்பா தோணிக்காரர். அன்னைக்கு வேலியில நின்னு இதத்தான் சொல்ல வந்தேன். நீங்க கேக்கல்ல மகன். அதான், படகுகிட்டயே சொல்லிட்டேன்."